லீக் ஆன கேம்: பேச்சைத் தடுக்காதீர்கள், கோப்பைத் தடுங்கள்

கேள்வி: ஒரு கேம் தொடருக்கான ரசிகர் குழுவை நடத்தும் மாடரேட்டர்களில் நானும் ஒருவன். அடுத்த பாகத்தின் முடிக்கப்படாத வீடியோக்கள் சில போன மாதம் வெளியே வந்துவிட்டன. ஒரு பழைய உறுப்பினர் அவற்றை எங்கள் குழுவில் போட்டார். இன்னொரு மாடரேட்டர் உடனே எல்லாவற்றையும் அழித்து, போட்டவரை நிரந்தரமாக நீக்கி, 'லீக்' என்ற சொல்லையே யாரும் எழுத முடியாதபடி தடுத்துவிட்டார். "ஊரே பேசுகிறது, நாம் மட்டும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டுமா?" என்று பாதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள். "ஒரு வரிகூட வேண்டாம், கதை கெட்டுவிடும்" என்கிறார்கள் மீதிப் பேர். பூட்டிய தனி அறை ஒன்றைத் திறந்து, கேட்பவர்களுக்கு மட்டும் எல்லாவற்றையும் அங்கே வைக்கலாம் என்று ஒரு யோசனையும் வந்திருக்கிறது. நியாயமான விதியை எப்படி எழுதுவது? சட்டச் சிக்கல் எங்களுக்கும் வருமா?

பதில்: வீடியோவை அழித்தது சரி. சொல்லைத் தடுத்தது தவறு. நிரந்தரமாக நீக்கியது அவசரம்.

கேம் நிறுவனங்களுக்கும் ரசிகர் குழுக்களுக்கும் நடுவில் நின்று வேலை பார்ப்பது என் தொழில். லீக் நேரத்தில் குழுக்களுக்குள் வரும் சண்டை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒருவர் செய்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், இன்னொருவர் திருட்டுப் பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறோம் என்று நினைத்து மோதிக்கொள்வார்கள். உங்கள் விதி இந்த இரண்டையும் பிரித்தாலே பாதி சண்டை அடங்கிவிடும். திருடுபோன கோப்பும், அதற்கான லிங்க்கும், அது எங்கே கிடைக்கும் என்ற துப்பும் குழுவுக்குள் வரக்கூடாது. திருடுபோனது என்ற செய்தியும் அதைப் பற்றிய பேச்சும் வரலாம். ஆனால், பார்க்க விரும்பாதவர் கண்ணில் அது திடீரென்று படக்கூடாது.

அப்புறம் ஒன்று. லீக் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்குள் பல வேறு விஷயங்கள் அடங்கிக் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே தண்டனை வைத்தால், சின்னத் தவறு செய்தவர் துரத்தப்படுவார், பெரிய தவறு செய்தவர் தப்பிவிடுவார்.

முதல் இடம் மனிதர்களுக்கு. 2023 டிசம்பரில் ரைசிடா என்ற பணம் பறிக்கும் கும்பல் இன்சோம்னியாக் கேம்ஸ் நிறுவனத்துக்குள் புகுந்து 50 பிட்காயின் விலை வைத்தது. பிறகு சுமார் 1.67 டெராபைட் தரவை, 13 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகளாக வெளியே கொட்டியது. ரசிகர்கள் தேடிப் போனது வுல்வரின் கேமின் காட்சிகளை. அதே குவியலில் ஊழியர்களின் பாஸ்போர்ட் நகல்களும் இருந்தன. போகிமான் கேம்களை உருவாக்கும் கேம் ஃப்ரீக் நிறுவனத்திலும் இதே கதைதான். 2024 ஆகஸ்டில் நடந்த ஊடுருவலில் இந்நாள், முன்னாள் ஊழியர்கள் உள்ளிட்டோரின் பெயர், மின்னஞ்சல் முகவரி என 2,606 பதிவுகள் வெளியே போனதாக அந்த நிறுவனமே அக்டோபரில் சொன்னது. இணையம் அப்போது பேசிக்கொண்டிருந்தது என்னவோ வெளிவராத பழைய போகிமான் ஓவியங்களைத்தான்.

இதில் மாடரேட்டர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு ஓவியத்தைக் காட்டும் ஆசையில்தான் ஒருவர் மொத்தத் தொகுப்பின் லிங்க்கைக் கொடுக்கிறார். ஆனால் அந்த லிங்க்கோடு யாரோ ஒருவரின் பாஸ்போர்ட்டும் சேர்ந்தே கை மாறுகிறது. "நான் அந்தப் பகுதியைத் திறக்கவே இல்லை" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். திறப்பதற்கு நூறு பேருக்கு வழி காட்டியதும் அவர்தானே. ஊழியர் பெயர், சம்பளம், படம், உள் உரையாடல், மின்னஞ்சல் எதுவும் குழுவில் வரக்கூடாது; பெயரைக் கறுப்படித்துப் போட்டாலும் கூடாது. எந்தத் துறை, எந்த வருடம் என்று தெரிந்தால் ஆளைக் கண்டுபிடிக்க ரசிகர்களுக்குப் பத்து நிமிடம் போதும். இந்தப் பிரிவுக்கு மட்டும் எச்சரிக்கை வேண்டாம், காலக்கெடுவும் வேண்டாம். கேம் வெளியாகிப் பத்து வருடம் ஆனாலும் ஒருவரின் பாஸ்போர்ட் பொதுச் சொத்து ஆகிவிடாது.

யார் கசியவிட்டது என்று துப்பறிவதையும் இதே பிரிவில் சேருங்கள். தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் வெளியானது 2020 ஜூன் 19-இல். அதன் முக்கியக் காட்சிகள் ஏப்ரல் கடைசியிலேயே வெளியே வந்துவிட்டன. நிறுவனத்தின் மீது கோபமாக இருந்த ஓர் ஊழியரின் வேலை என்று இணையம் விசாரணையே இல்லாமல் தீர்ப்பு எழுதிவிட்டது. சில நாட்களில் சோனி, இதில் முக்கியமாகச் சம்பந்தப்பட்டவர்களைக் கண்டுபிடித்துவிட்டதாகவும், அவர்கள் தங்களையோ கேமை உருவாக்கிய நாட்டி டாக் நிறுவனத்தையோ சேர்ந்தவர்கள் இல்லை என்றும் சொன்னது. அதற்குள் உங்கள் குழுவில் நாலு ஊழியர்களின் பெயரை வைத்து ஊகம் ஓடியிருந்தால், அதை எப்படித் திரும்பப் பெறுவீர்கள்? உருவாக்குநர்களின் சொந்தப் பக்கங்களுக்குப் போய்க் கதை முடிவை எழுதுவதும், கேலி செய்வதும் இதே வகைதான். அது உங்கள் குழுவுக்கு வெளியே நடந்தது என்று கைகழுவாதீர்கள். இங்கே பேசி வைத்துக்கொண்டு அங்கே போயிருந்தால் அது உங்கள் பொறுப்பு.

அடுத்தது கேமின் உள்கோப்புகள்: கேமின் பில்ட் (ஓட்டிப் பார்க்கக்கூடிய பதிப்பு), சோர்ஸ் கோடு (கேமை எழுதிய மூல நிரல்), உள் கருவிகள். இவற்றுக்கான லிங்க் எந்த அறையிலும் வேண்டாம், தனிச் செய்தியில் கேட்டு வாங்குவதும் வேண்டாம். சட்டத்தை விட்டுவிடுங்கள், உங்கள் உறுப்பினர்களின் கணினிக்கே அது ஆபத்து. லீக் ஆன பில்ட் என்ற பெயரில் வரும் ஒரு கோப்பு உண்மையானதா என்று சரிபார்க்க வழியே கிடையாது. அசல் எப்படி இருக்கும், எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று வெளியே யாருக்கும் தெரியாதே. வைரஸ் விற்பவனுக்கு இதைவிட நல்ல சந்தை எங்கே கிடைக்கும்?

குழுவில் மாட் செய்பவர்களோ (கேமைத் தாங்களாக மாற்றியமைப்பவர்கள்), பழைய கேம்களைப் பிரித்து ஆராய்ந்து மறுபடி எழுதுபவர்களோ இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. திருடுபோன சோர்ஸ் கோடை ஒருமுறை பார்த்துவிட்டவர் எழுதும் எந்த வரியும் அதன் நகல் என்று சந்தேகிக்கப்படும். விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட வைக்கும் வைன் திட்டம், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சோர்ஸ் கோடைப் பார்த்தவர்களிடமிருந்து கோடு வாங்குவதில்லை. செல்டா தொடரின் ஆக்கரீனா ஆஃப் டைம் கேமை ஒரு ரசிகர் அணி வரிவரியாக மறு உருவாக்கம் செய்து 2021 நவம்பரில் முடித்தபோது, நின்டெண்டோவிலிருந்து கசிந்த எதையும் தொடவில்லை என்று தெளிவாகச் சொன்னது. உங்கள் குழுவில் அப்படி ஒரு முயற்சி நடந்துகொண்டிருந்தால், யாரோ ஒருவர் ஆர்வக்கோளாறில் ஒட்டும் இருபது வரி கோடு பல வருட உழைப்பைக் கெடுத்துவிடும். அவர்கள் பேசும் அறைக்கு விதியை இன்னும் கொஞ்சம் இறுக்கமாகவே வையுங்கள்.

இனி வீடியோவும் படமும். உங்கள் சண்டை தொடங்கிய இடம் இதுதான். 2022 செப்டம்பர் 18-இல் ஜிடிஏ 6 கேமின் சுமார் 90 வீடியோத் துண்டுகள் வெளியாயின. மறுநாளே கேமை உருவாக்கும் ராக்ஸ்டார் நிறுவனம் அது உண்மை என்று ஒப்புக்கொண்டது. இதைச் செய்த பதினெட்டு வயது இளைஞரைக் காலவரையறை இன்றி மருத்துவமனைக் காவலில் வைக்க 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் நீதிமன்றம் உத்தரவிட்டது. பாதிப்பைச் சரிசெய்ய 50 லட்சம் டாலரும் ஊழியர்களின் ஆயிரக்கணக்கான மணி நேரமும் ஆனதாக ராக்ஸ்டார் நீதிமன்றத்தில் சொல்லியிருந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தைப் பற்றி உங்கள் குழு ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்றால் அது நடக்கிற காரியம் இல்லை. பேசட்டும். வார்த்தைகளில் விவரிக்கட்டும், அதற்கென்று ஒதுக்கிய, தலைப்பிலேயே எச்சரிக்கை உள்ள ஓர் இழையில் (ஒரே தலைப்பின் கீழ் ஓடும் உரையாடலில்). வீடியோவும் ஸ்கிரீன்ஷாட்டும் மட்டும் வேண்டாம். நம்பகமான செய்தி நிறுவனம் எழுதிய கட்டுரைக்கு லிங்க் கொடுக்கலாம். அந்தக் கட்டுரையே திருட்டுக் கோப்புக்கு வழி காட்டினால் அதுவும் கூடாது.

அந்த ஜிடிஏ வீடியோக்களைப் பார்த்து "என்ன இது, இவ்வளவு மோசமாக இருக்கிறது" என்று கேலி செய்தவர்கள் ஏராளம். கூரை போடாத வீட்டுக்குள் நின்றுகொண்டு மழை ஒழுகுகிறது என்று புகார் சொன்ன கதைதான். அப்போது வேறு நிறுவனங்களின் உருவாக்குநர்கள், கண்ட்ரோல், அன்சார்ட்டட் 4 போன்ற தங்கள் கேம்களின் ஆரம்பகாலக் காட்சிகளை அவர்களாகவே வெளியிட்டார்கள். வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளுக்கு நடுவே ஓடும் பொம்மைகள். எல்லாக் கேமும் இப்படித்தான் தொடங்குகிறது என்று காட்டுவதற்காகச் செய்தார்கள். உங்கள் இழையின் முதல் பதிவில் இதை ஒரு வரி எழுதி வையுங்கள்: நாம் பேசுவது முடிக்கப்படாத ஒன்று, எந்த மாதத்தில் எடுத்தது என்றுகூட நமக்குத் தெரியாது. லீக்கில் பார்த்ததை வைத்துக் கேமுக்கு மதிப்பெண் போடுவதைத் தடை செய்யச் சொல்லமாட்டேன், அதெல்லாம் பேச்சுதான். ஆனால் அந்த வரி இருந்தால் பேச்சின் தரம் மாறும். உறுதியாகாத தகவலுக்கு 'உறுதியாகவில்லை' என்று குறிப்புப் போடச் சொல்லுங்கள். இப்போது போலி லீக் செய்வது சுலபமாகிவிட்டது.

இந்தக் கடுமையான பிரிவுகளில் சேராதவையும் உண்டு. கடைக்காரர் வெளியீட்டு நாளுக்கு முன்பே விற்றுவிட்ட டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கியவர் திருடர் இல்லை. அவருக்கு ஸ்பாய்லர் விதி (கதையை முன்கூட்டியே போட்டு உடைக்கக்கூடாது என்பது) மட்டும் போதும். முறையாக வெளியான அப்டேட்டைத் தோண்டி, வரப்போகும் உடைகளையும் கதாபாத்திரங்களையும் கண்டுபிடிப்பவர்களும் வேறு வகை. நிறுவனம் அதை விரும்பாமல் இருக்கலாம், விதிமுறையில் தடுத்தும் இருக்கலாம், ஆனால் யாருடைய சர்வரும் உடைக்கப்படவில்லை. கண்டுபிடித்ததைப் பேசத் தனி அறை கொடுங்கள். கோப்பை அப்படியே எடுத்துப் போடுவதை மட்டும் தடுங்கள்.

வெளியீட்டுக்கு முன் சிலரை மட்டும் அழைத்து நடத்தும் மூடிய சோதனையில் கலந்துகொண்டு, ரகசியம் காப்பேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டு வந்து உங்கள் குழுவில் உளறுபவரிடம் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள். அவருடைய பதிவை நீங்கள் அழிப்பது அவரைக் காப்பாற்றத்தான். போகிமான் ஸ்வோர்டு, ஷீல்டு கேம்களின் வழிகாட்டிப் புத்தகத்தை அச்சில் இருந்தபோதே படமெடுத்து டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் பகிர்ந்த விவகாரம் வழக்காகி, சம்பந்தப்பட்ட இருவர் ஆளுக்கு 1,50,000 டாலர் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. அவர்கள் ஹேக்கர்கள் இல்லை. கையில் கிடைத்ததை நண்பர்களிடம் காட்டியதில் தொடங்கியதுதான் எல்லாம்.

பூட்டிய தனி அறை யோசனைக்கு வருகிறேன். பேசுவதற்கு என்றால் நல்ல யோசனை. கோப்பு வைப்பதற்கு என்றால் வேண்டவே வேண்டாம். பூட்டு போட்டால் பாதுகாப்பு என்று தோன்றும், உண்மையில் அங்கிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வெளியே போக ஒரு நொடி போதும். அதைவிட மோசம், உங்கள் குழுவின் மதிப்பே அந்த அறைக்கு அனுமதி கிடைப்பதில்தான் இருக்கிறது என்று ஆகிவிடும். புதிதாக வருபவர்கள் கேமுக்காக வரமாட்டார்கள், சாவிக்காக வருவார்கள். அப்புறம், தெரியாமல் நடந்துவிட்டது என்று மாடரேட்டர்கள் சொல்லவும் முடியாது. அறையைத் திறந்தவர்களே நீங்கள்தானே.

"இதெல்லாம் வரலாறு, பாதுகாக்க வேண்டாமா?" என்று ஒருவராவது கேட்பார். அந்தக் கேள்வியை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். 2020 ஜூலையில் நின்டெண்டோவின் பழைய கோப்புகள் பெருமளவில் வெளியானபோது, சூப்பர் மரியோ 64 கேமில் மரியோவின் தம்பி லூயிஜியைச் சேர்க்கும் முயற்சி நடந்ததற்கான தடயங்கள் கிடைத்தன. இருபது வருடத்துக்கும் மேலாக ரசிகர்கள் அடித்துக்கொண்ட கேள்வி அது. நிறுவனங்கள் தங்கள் பழைய வேலைகளைத் திறந்து காட்டுவதே அபூர்வம் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் குவியலிலும் தனிமனிதர்களின் விவரங்கள் கலந்திருந்தன. எதை வைத்துக்கொள்வது, எதை மறைப்பது என்று பிரிப்பது ஆவணக் காப்பாளர்களின் வேலை. அதற்குப் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். ரசிகர் குழு அந்த வேலையைச் செய்ய முடியாது. கண்டுபிடிப்புகளைப் பற்றிக் கட்டுரை எழுதுங்கள், விவாதியுங்கள். சேமிப்புக் கிடங்காக மட்டும் மாறாதீர்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஊர் வழக்கறிஞர் சொல்ல வேண்டியதை நான் சொல்லப்போவதில்லை. நடைமுறையில் நடப்பதைச் சொல்கிறேன். நிறுவனம் பெரும்பாலும் உங்களைத் தேடி வராது. குழு இயங்கும் தளத்துக்கு நோட்டீஸ் அனுப்பும். பெரிய தளங்கள் பல அமெரிக்காவைச் சேர்ந்தவை. 1998-இல் வந்த டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு வேண்டுமானால், தளம் நோட்டீஸ் வந்ததை உடனே நீக்க வேண்டும், திரும்பத் திரும்ப மீறுபவர்களை வெளியேற்றும் கொள்கையும் வைத்திருக்க வேண்டும். அதனால் மூன்று, நான்கு நோட்டீஸ் சேர்ந்தால் போவது ஒரு பதிவு மட்டும் இல்லை, மொத்தக் குழுவும் போகலாம். நோட்டீஸ் வந்தால் முதலில் நீக்குங்கள். தவறான நோட்டீஸ் என்று தோன்றினால் மறுப்பு அனுப்ப வழி இருக்கிறது, அதை நிதானமாகச் செய்யலாம். ஒரே ஒரு மாடரேட்டர் மட்டும் நிறுவனத்துக்கும் தளத்துக்கும் பதில் எழுதட்டும். ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதினால் வம்பு.

நிறுவனங்களும் எப்போதும் எதிரிகளாக நடப்பதில்லை. 2003 அக்டோபரில் ஹாஃப் லைஃப் 2-இன் சோர்ஸ் கோடு வெளியே கசிந்தபோது, அதை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல் ரசிகர்களிடமே நேரடியாக உதவி கேட்டு எழுதினார். ஜிடிஏ 6 முதல் டிரெய்லர் 2023 டிசம்பரில் ஒரு நாள் முன்னதாகக் கசிந்ததும், ராக்ஸ்டார் தானே முழு டிரெய்லரையும் வெளியிட்டுவிட்டது. இப்படி நடந்தால் உங்கள் இழையையும் மாற்றுங்கள்: அதிகாரபூர்வ லிங்க்கைப் போட்டு, அந்தக் காட்சிக்கான தடையை எடுத்துவிடுங்கள். தடையை எடுக்கத் தெரியாத மாடரேட்டரை யாரும் மதிப்பதில்லை.

விதியை இப்படி எழுதலாம், உங்கள் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"திருடப்பட்ட அல்லது அனுமதியின்றி வெளியான கோப்பு, வீடியோ, படம், அவற்றுக்கான லிங்க், தேட உதவும் குறிப்பு எதையும் இங்கே போடாதீர்கள், தனிச் செய்தியில் கேட்காதீர்கள். செய்தியாக வந்ததை லீக் இழையில் மட்டும், வார்த்தைகளில் பேசலாம். கதை விவரங்களை ஸ்பாய்லர் மறைப்புக்குள் எழுதுங்கள். தலைப்பிலும் முகப்புப் படத்திலும் உங்கள் கணக்கின் பெயரிலும் வரக்கூடாது. கேம் வெளியாகி மூன்று வாரம் வரை இது பொருந்தும். ஊழியர்களின் தனிப்பட்ட தகவலைப் போட்டாலோ, அவர்களைத் தொந்தரவு செய்தாலோ எச்சரிக்கை இன்றி நீக்கப்படுவீர்கள். தெரியாமல் போட்டுவிட்டால் சொல்லுங்கள், அழித்துவிட்டுத் தொடர்வோம்."

மூன்று வாரம் என்பது என் கணக்கு. நீளமான கேம் என்றால் கூட்டுங்கள். கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள். உங்கள் பழைய உறுப்பினர் வீடியோ போட்டபோது எழுதப்பட்ட விதி ஏதும் இல்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. இல்லாத விதியை மீறியதற்கு நிரந்தர நீக்கம் நியாயம் இல்லை. அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள், புதிய விதியைக் காட்டுங்கள். அவர் ஊழியர் விவரங்களைப் போட்டிருந்தால் மட்டும் என் பதில் வேறு.

லீக் வெடித்த முதல் சில மணி நேரத்துக்குத் தனியாக ஒரு ஏற்பாடு வையுங்கள். புதிய உறுப்பினர்கள் படம் போடுவதை அன்று ஒரு நாளைக்கு நிறுத்துங்கள், பதிவுகளின் வேகத்தைக் குறையுங்கள், ஒரே ஒரு அறிவிப்பை மேலே நிலையாகப் பொருத்தி வையுங்கள். அந்த அறிவிப்பில் எந்தத் தளத்தில், என்ன பெயரில் வந்தது என்று எழுதாதீர்கள். தடை அறிவிப்பே விளம்பரமாகிவிட்ட குழுக்கள் நிறைய. புகார் வந்த பதிவை உறுதிசெய்ய மாடரேட்டர்கள் அந்தக் கோப்பை இறக்கிப் பார்க்க வேண்டாம், ஆதாரம் என்று நகல் வைக்கவும் வேண்டாம். யார், எப்போது, எந்த வகைப் பொருள் என்று ஒரு வரி குறித்தால் போதும்.

இன்னொன்று, மாடரேட்டர்களும் அந்தக் கேமுக்காகக் காத்திருப்பவர்கள்தான். எல்லாப் புகாரையும் எல்லோரும் பார்த்தால், வெளியீட்டு நாளன்று உங்கள் அணியில் ஒருவருக்கும் விளையாட மனம் இருக்காது. கதை தெரிந்தாலும் பரவாயில்லை என்று சொல்பவர் யார் என்று இப்போதே கேட்டுவிடுங்கள். அணிக்கு ஒருவர் அப்படி இருப்பார், முடிவை முதலில் படித்துவிட்டுக் கேமைத் தொடங்குகிற ரகம். லீக் நேரத்துப் புகார்கள் முதலில் அவரிடமே போகட்டும்.